உருளைக்கிழங்குக்கு அட்டை இல்லை



அழைப்பிதழில் ‘போர்க்காலச் சமையலறை’ என்று போட்டுவிட்டார்கள். அதை நம்பிச் சிலர் நோட்டுப் புத்தகத்தோடு வந்திருப்பது மேடையிலிருந்தே தெரிகிறது. ஏமாற்ற மாட்டேன், இரண்டு மூன்று சமையல் குறிப்புகள் வரும். வீட்டில் செய்து பார்த்துவிட்டு என்மேல் கோபப்படக் கூடாது, அவ்வளவுதான்.

நான் பேச எடுத்துக்கொண்டது இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டன். அந்தப் போரில் பிரிட்டிஷ் ரேஷன் முறை நன்றாக நடந்தது என்பது பொதுவான கருத்து. போர் முடியும்போது அந்த நாட்டுக் குழந்தைகள் போருக்கு முன்பைவிட நலமாக இருந்தார்கள், சிசு மரணம் குறைந்திருந்தது. இதெல்லாம் உண்மை. ‘எப்படி முடிந்தது?’ என்று கேட்டால் ஒற்றுமை, தியாகம், உறுதி என்று பதில் தயாராக இருக்கும். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. ஒற்றுமையும் உறுதியும் வங்காளத்து விவசாயியிடமும் இருந்தன, அவர் 1943 பஞ்சத்தில் செத்துப்போனார். பிரிட்டனில் வயிற்றை நிரப்பும் பண்டத்துக்குப் போர் முடியும்வரை அட்டை போடவில்லை. அந்தப் பண்டத்தை மூன்று வேளையும் தின்னும்படி செய்ய ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண் சம்பளமில்லாமல் உழைத்தாள். இந்த இரண்டைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். போருக்கு முன் பிரிட்டன் தன் உணவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கப்பலில் வரவழைத்தது. ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன். கனடாவிலிருந்து கோதுமை, நியூசிலாந்திலிருந்து ஆட்டிறைச்சியும் வெண்ணெயும், டென்மார்க்கிலிருந்து பேக்கன் எனும் உப்பிட்ட பன்றி இறைச்சி, இலங்கையிலிருந்தும் அசாமிலிருந்தும் தேயிலை. வெங்காயம்கூடப் பிரான்சின் பிரித்தானிக் கரையிலிருந்து வந்தது. கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் காத்திருந்தன. கப்பலில் இருக்கும் இடம்தான் இனி நாணயம் என்று ஆகிவிட்டது. ஒரு டன் பண்டம் எவ்வளவு இடத்தை அடைக்கிறது, அதற்கு எவ்வளவு ஊட்டம் தருகிறது என்று கணக்குப் போட ஆட்கள் உட்கார்ந்தார்கள்.

முதல் உலகப் போரில் ரேஷனைக் கடைசி வரை தள்ளிப்போட்டு, 1918-ல்தான் நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். அதற்குள் கடை வாசல்களில் நீண்ட வரிசைகளும் கசப்பும் வந்துவிட்டன. இந்த முறை முன்கூட்டியே தயாரானார்கள். 1939 செப்டம்பர் 29-ல் நாடு தழுவிய பதிவு நடந்தது. அதை வைத்து வீடு வீடாக ரேஷன் புத்தகம் போனது. 1940 ஜனவரி 8-ல் வாரத்துக்குத் தலைக்கு 4 அவுன்ஸ் பேக்கன், 4 அவுன்ஸ் வெண்ணெய், 12 அவுன்ஸ் சர்க்கரை என்று தொடங்கியது. ஒரு அவுன்ஸ் 28 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் இறைச்சி வந்தது. அதற்கு எடைக் கணக்கு இல்லை, விலைக் கணக்கு: தலைக்கு ஒரு ஷில்லிங் 10 பென்ஸ். மலிவான துண்டு வாங்கினால் அதிகம் கிடைக்கும், நல்ல துண்டு கேட்டால் கொஞ்சம்தான். ஜூலையில் தேயிலை, வாரம் 2 அவுன்ஸ். அடுத்த ஆண்டு ஜாம், பாலாடைக்கட்டி. பாலாடைக்கட்டி முதலில் தலைக்கு ஒரு அவுன்ஸ், ஒரு தீப்பெட்டி அளவு. ஒரு வாரத்துக்கு. முட்டை இருந்தால் வாரத்துக்கு ஒன்று, இல்லாத வாரங்கள் ஏராளம்.

ஒவ்வொரு குடும்பமும் ஒரு கடையில் பதிந்துகொள்ள வேண்டும். அந்தக் கடைக்காரரிடம்தான் வாங்க வேண்டும். அவருக்கும் பதிந்த தலைகளுக்கு ஏற்ற சரக்குதான் வரும். நம் ரேஷன் கடையிலும் வெகுகாலம் இருந்த ஏற்பாடுதான் இது. 1941 டிசம்பரில் இதன்மேல் இன்னொன்றைச் சேர்த்தார்கள்: புள்ளி முறை. நான்கு வாரத்துக்குத் தலைக்கு 16 புள்ளி. டின்னில் அடைத்த மீனோ இறைச்சியோ, எது வேண்டுமோ அதை எந்தக் கடையில் வேண்டுமோ அங்கே வாங்கலாம். பணமும் கொடுக்க வேண்டும், புள்ளியும் கொடுக்க வேண்டும். சரக்கு தேங்கினால் அதிகாரிகள் புள்ளியைக் குறைப்பார்கள், சட்டென்று தீர்ந்தால் கூட்டுவார்கள். எனக்குப் பிடித்த பகுதி இது. அரசு அதிகாரியின் மூளையில் இப்படி ஒரு சந்தை முளைத்தது அபூர்வம்.

சைவம் சாப்பிடுபவர் இறைச்சிப் பங்கை விட்டுக்கொடுத்தால் கூடுதல் பாலாடைக்கட்டி கிடைத்தது. கட்டுச்சோறு கொண்டுபோகும் பண்ணைத் தொழிலாளிக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் அப்படியே. கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் பச்சை அட்டைப் புத்தகம், கடையில் அதைப் பார்த்தாலே முன்னுரிமை. 1940 ஜூலையில் பால் திட்டம் வந்தது. அடுத்த ஆண்டு இறுதியில் குழந்தைகளுக்கு மீன் எண்ணெயும் பழச்சாறும் கொடுக்கத் தொடங்கினார்கள். குழந்தைகள் நலமாக இருந்ததற்கு இவைதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். ஏழை வீட்டுக் குழந்தைக்கு இவையெல்லாம் அதற்கு முன் கனவிலும் கிடைத்ததில்லை.

இவ்வளவு அட்டை போட்டவர்கள் இரண்டு பொருள்களைத் தொடவே இல்லை. ரொட்டியும் உருளைக்கிழங்கும். போர் நடந்த ஆறு ஆண்டும் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம். விலை ஏறாமல் அரசே மானியம் கொடுத்துப் பிடித்து வைத்தது.

இது இரக்கத்தால் மட்டும் எடுத்த முடிவு என்று நினைக்க வேண்டாம். கேம்பிரிட்ஜில் ராபர்ட் மக்கான்ஸ், எல்ஸி விடோசன் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள் போர் தொடங்கியதுமே தங்கள்மேலேயே சோதனை நடத்தினார்கள். வாரத்துக்கு ஒரு முட்டை, சிறிது இறைச்சி, மிகச் சிறிது பால், கொழுப்பு, சர்க்கரை. முழுக்கோதுமை ரொட்டியும் உருளைக்கிழங்கும் காய்கறியும் மட்டும் அளவில்லாமல். மூன்று மாதம் இப்படிச் சாப்பிட்டுவிட்டு, பனிக்காலத்தில் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் நாள் முழுக்க ஏறி இறங்கினார்கள். உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, வலுவாகவே இருந்தார்கள். இரண்டு தொல்லைகளை மட்டும் குறித்து வைத்தார்கள். மென்று முடிக்க நேரம் பிடித்தது. அப்புறம் வாயு. மாவுச்சத்து நிறைய உண்ணும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. வானொலியில் ‘ரேடியோ டாக்டர்’ என்று பெயரெடுத்த சார்லஸ் ஹில் குடலைப் பற்றி இடைவிடாமல் பேசியதற்கு நாட்டில் தேவை இருந்தது.

ரொட்டிக்கு அட்டை இல்லையே தவிர, ரொட்டியே மாறிவிட்டது. 1942-ல் ‘தேசிய ரொட்டி’ வந்தது. கோதுமையை அரைத்துத் தவிட்டை முழுவதும் தள்ளாமல், நூற்றுக்கு 85 பங்கை மாவாக எடுத்தார்கள். அதே கப்பல் கோதுமையிலிருந்து அதிக ரொட்டி. சாம்பல் நிறம், சொரசொரப்பு, சீக்கிரம் காய்ந்துபோகும். வெள்ளை ரொட்டிக்குப் பழகிய மக்கள் திட்டித் தீர்த்தார்கள். தவிடு சேர்ந்த மாவு உடம்பில் கால்சியத்தைச் சேரவிடாமல் தடுக்கும் என்று மக்கான்ஸும் விடோசனும் காட்டியிருந்ததால், மாவில் சுண்ணாம்புச் சத்தும் சேர்த்தார்கள். ஊட்டச்சத்து வல்லுநர்கள் சந்தோஷப்பட்டார்கள். தின்றவர்கள் இல்லை.

சரி, அளவில்லாத உருளைக்கிழங்கு. அதை வைத்து என்ன செய்வது? இங்கேதான் சமையலறைக்குள் நுழைகிறோம்.

உணவு அமைச்சராக 1940 ஏப்ரலில் வந்தவர் வூல்டன் பிரபு. அரசியல்வாதி இல்லை, பெரிய பல்பொருள் அங்காடி நிறுவனம் ஒன்றை நடத்தியவர். சரக்கை எப்படி விற்பது என்று தெரிந்த மனிதர். இல்லாத பண்டத்தை விற்க முடியாது, இருக்கிற பண்டத்தை விற்கலாம் அல்லவா? இருந்தது உருளைக்கிழங்கும் கேரட்டும். ‘உருளை பீட்’, ‘டாக்டர் கேரட்’ என்று கார்ட்டூன் பாத்திரங்கள் பிறந்தன. இரவுப் போர் விமானிகள் கேரட் தின்பதால்தான் இருட்டில் எதிரியைப் பார்க்கிறார்கள் என்று ஒரு கதை பரவியது. உண்மையில் விமானத்தில் ரேடார் இருந்தது. விளக்கணைப்பு இருட்டில் தடுக்கி விழுந்துகொண்டிருந்த நாடு அந்தக் கதையை ஆசையோடு நம்பியது. ஐஸ்கிரீம் இல்லாத குழந்தைகள் குச்சியில் குத்திய கேரட்டைச் சப்பினார்கள்.

வூல்டன் பெயரிலேயே ஒரு பதார்த்தம் உண்டு, வூல்டன் பை. லண்டனின் சவாய் ஹோட்டலில் தலைமைச் சமையற்காரராக இருந்த பிரான்சுவா லாத்ரி உருவாக்கியது. நோட்டுப் புத்தகக்காரர்கள் எழுதிக்கொள்ளலாம்: உருளைக்கிழங்கு, காலிஃபிளவர், கேரட், டர்னிப் போன்ற ஒரு கிழங்கு, கொஞ்சம் வெங்காயத்தாள். எல்லாவற்றையும் நறுக்கி, ஒரு கரண்டி ஓட்ஸ் போட்டு வேகவைத்து, மேலே உருளைக்கிழங்காலோ கோதுமை மாவாலோ மூடி, அடுப்பில் சுட வேண்டும். கடுகு கிடையாது, மிளகாய் கிடையாது, பெருங்காயம் கிடையாது. முன்வரிசையில் ஒரு அம்மா முகம் சுளிக்கிறார். அவர்களும் அப்படித்தான் சுளித்தார்கள். சவாய் ஹோட்டல் பெயரும் அதைக் காப்பாற்றவில்லை. போர் முடிந்ததும் அந்தப் பையும் முடிந்தது.

பிபிசி வானொலியில் 1940 கோடையிலிருந்து ‘சமையலறைப் போர்முனை’ என்று ஒரு நிகழ்ச்சி. காலை எட்டு மணிச் செய்தி முடிந்ததும் ஐந்து நிமிடம். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு தந்திரம் இருக்கிறது: பெண்கள் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புவதற்குச் சற்று முன். எல்ஸி வாட்டர்ஸ், டோரிஸ் வாட்டர்ஸ் என்ற சகோதரிகள் ஜெர்ட், டெய்ஸி என்று வேடம் போட்டு, அக்கம்பக்கத்துப் பெண்கள் கொல்லை வேலியில் நின்று பேசுவதுபோல் குறிப்புகளைச் சொல்வார்கள். மார்கரீட் பாட்டன் போன்ற இளம் பெண்கள் உணவு அமைச்சகத்தின் ஆலோசகர்களாகச் சென்று மக்கள் முன் செய்து காட்டினார்கள்.

அந்தக் காலச் சமையலில் பாதி, பாவனை. வாத்து இல்லாத வாத்து, கிரீம் இல்லாத கிரீம். பார்ஸ்னிப் என்ற வெள்ளைக் கிழங்கை வேகவைத்து மசித்து, சர்க்கரையும் வாழைப்பழ எசென்ஸும் கலந்தால் ‘வாழைப்பழம்’. வாழைப்பழ இறக்குமதியை 1940 கடைசியில் நிறுத்திவிட்டார்கள், அதனால் போரில் பிறந்த குழந்தைகளுக்கு அந்தக் கிழங்குக் கூழ்தான் வாழைப்பழம். அமெரிக்காவிலிருந்து முட்டைப் பொடி வந்தது. ஒரு பொட்டலம் ஒரு டஜன் முட்டைக்குச் சமம். கட்டி தட்டாமல் கரைக்கத் தெரிந்தவள் கெட்டிக்காரி. வெங்காயம் கிடைக்காமல்போய், 1941-ல் ஒற்றை வெங்காயத்தைக் குலுக்கல் பரிசாக வைத்தார்கள். எரிபொருளும் மிச்சம் பிடிக்க வேண்டும். அதற்கு வைக்கோல் பெட்டி: கொதிக்கும் பாத்திரத்தை வைக்கோல் அடைத்த பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு வேலைக்குப் போய்விட்டால், மாலையில் வெந்திருக்கும்.

வேலைக்குப் போய்விட்டால் என்றேனே, அதைக் கவனியுங்கள். 1941 டிசம்பர் சட்டப்படி 20 முதல் 30 வயதுள்ள மணமாகாத பெண்களைக் கட்டாயமாகப் போர்ப்பணிக்கு அழைக்கலாம். மணமானவர்களும் ஆயிரமாயிரமாக ஆலைகளுக்குப் போனார்கள். பகலில் ஆலை, இடைவேளையில் மீன் கடை வரிசை, இரவில் சமையல், நடுவில் குண்டுவீச்சு. கொல்லையில் காய்கறிப் பாத்தி, கோழிக் கூண்டு. கோழி வளர்த்தால் முட்டைப் பங்கை விட்டுவிட்டுத் தீவன அனுமதி வாங்க வேண்டும். உணவை வீணாக்குவது 1940 ஆகஸ்டிலிருந்து சட்டப்படி குற்றம். தன் பங்கு வெண்ணெயைக் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் தடவிவிட்டு வெறும் ரொட்டி தின்ற தாய்மார்கள் ஏராளம். தலைக்கு இவ்வளவு என்று அரசு அளந்து கொடுத்தது. வீட்டுக்குள் வந்ததும் அந்தத் தலைக்கணக்கு மாறிவிடும். எந்தப் புள்ளிவிவரத்திலும் இது ஏறாது. பாரோ-இன்-ஃபர்னஸ் ஊரைச் சேர்ந்த நெல்லா லாஸ்ட் என்ற இல்லத்தரசி போர் முழுவதும் நாட்குறிப்பு எழுதினார், பிறகு அது புத்தகமாகவும் வந்தது. கொஞ்சத்தை வைத்து நிறைவாகப் பரிமாறுவதில் அவருக்கு இருந்த பெருமை வியப்பூட்டும். அந்தப் பெருமையை நம்பித்தான் அரசாங்கம் இருந்தது.

பணக்காரர்கள் தப்பிக்க வழி இருந்தது. உணவு விடுதியில் சாப்பிட்டால் அட்டை கேட்க மாட்டார்கள். முணுமுணுப்பு எழுந்ததும் 1942-ல் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 5 ஷில்லிங் உச்சவரம்பு வைத்தார்கள். பெரிய ஹோட்டல்கள் வேறு பெயரில் கட்டணம் சேர்த்துக்கொண்டன. மறுபக்கம், மலிவு விலையில் சாப்பாடு போட நகராட்சிகள் விடுதிகள் திறந்தன. ‘பொது உணவு மையம்’ என்ற பெயரைக் கேட்டாலே பசி போய்விடும் என்று சர்ச்சில் அவற்றுக்கு ‘பிரிட்டிஷ் ரெஸ்டாரன்ட்’ என்று பெயர் வைக்கச் சொன்னார். கள்ளச் சந்தையும் இருந்தது. எந்த ஊரில் இல்லை?

இனி நம் பக்கம். 2 அவுன்ஸ் தேயிலை என்றேன். அதில் கணிசமான பங்கு இலங்கை மலைநாட்டில் நம் தமிழ்ப் பெண்கள் கிள்ளிய கொழுந்து. லண்டன் வீட்டில் அந்த 2 அவுன்ஸை வாரம் முழுக்க நீட்டிக் குடித்தார்கள், பழைய தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி. கொழுந்து கிள்ளியவளின் சோறு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் பர்மாவிலிருந்து. இலங்கை தன் அரிசியில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்த தீவு. 1942 மார்ச் 8-ல் ரங்கூன் ஜப்பானிடம் விழுந்தது. அரிசிக் கப்பல் நின்றது. இலங்கையில் அரிசிக்கே அட்டை வந்தது, குறைந்த இடத்தைக் கோதுமை மாவு நிரப்பியது. மலாயாவில் ஜப்பானியர் ஆட்சியில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தன. அந்தத் தலைமுறையில் பலர் பிறகு ஆயுளுக்கும் அதைத் தொடவில்லை.

வித்தியாசம் புரிகிறதா? பிரிட்டனில் அளந்து கொடுத்தது ருசி. வெண்ணெய், பேக்கன், சர்க்கரை. இங்கே அளந்து கொடுத்தது சோற்றையே. தொட்டுக்கொள்வதற்கு அட்டை போட்டால் குடும்பம் சலித்துக்கொள்ளும், சோற்றுக்கு அட்டை போட்டால் பட்டினி கிடக்கும். அந்த அட்டைகூட வங்காள கிராமங்களுக்கு இல்லை. ஜப்பானியர் கைக்குக் கிடைக்கக் கூடாது என்று கடலோரப் படகுகளை அரசே பறித்தது. 1942 அக்டோபரில் மேதினிப்பூரைப் புயல் தாக்கியது. அரிசி விலை பல மடங்கு ஏறியது. கல்கத்தாவின் ஆலைத் தொழிலாளிகளுக்கு முதலாளிகள் வழியாக மலிவு அரிசி கிடைக்க ஏற்பாடு இருந்தது, போர் உற்பத்தி நிற்கக் கூடாதே. கிராமத்துக் கூலிக்காரருக்கும் மீனவருக்கும் ஒன்றுமில்லை. தானியக் கப்பல் கேட்டு டெல்லியிலிருந்து போன கோரிக்கைகளுக்கு லண்டன் கேட்டதில் சிறு பங்கையே கொடுத்தது. கல்கத்தாவில் முழு ரேஷன் தொடங்கியது 1944 ஜனவரிக் கடைசியில். அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் பதினைந்து லட்சம் என்றது அரசு விசாரணைக் குழு. முப்பது லட்சம்வரை என்கிறார் அமர்த்தியா சென். அவர்களிடம் போய் யாரும் சமையல் குறிப்பு சொல்லியிருக்க முடியாது. ரேஷன் நிர்வாகத்தில் கைதேர்ந்த அதே அரசுதான் இரண்டு இடத்திலும் இருந்தது. லண்டனில் பிழையில்லாமல் போட்ட கணக்கை வங்காளத்துக்குப் போடவே இல்லை.

போர் முடிந்தபின் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், என் வாதத்துக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. 1946-ல் உலகம் முழுக்கத் தானியப் பஞ்சம். இந்தியாவில் ரேஷன் தானியத்தை ஆளுக்கு நாளொன்றுக்கு 12 அவுன்ஸாகக் குறைத்தார்கள். 340 கிராம், வேறு அதிகம் எதுவும் தின்னாத மனிதருக்கு. ஜெர்மனியில் பிரிட்டன் பிடித்துவைத்திருந்த பகுதிக்கும் தானியம் அனுப்ப வேண்டியிருந்தது. அந்த நெருக்கடியில் 1946 ஜூலையில் பிரிட்டன் ரொட்டிக்கு அட்டை போட்டது, முதல் முறையாக. ஆறு ஆண்டு குண்டுவீச்சில் பொறுமையாக வரிசையில் நின்ற அதே மக்கள் கொதித்தெழுந்தார்கள். ரொட்டி சுடுபவர்கள் எதிர்த்தார்கள், இல்லத்தரசிகள் சங்கம் கூட்டம் போட்டது, எதிர்க்கட்சி பிடித்துக்கொண்டது. இத்தனைக்கும் கொடுத்த பங்கு தாராளமானது, பெரும்பாலோர் பசியோடு இருக்கவில்லை. வயிற்றை நிரப்பும் பண்டத்தில் அரசு கை வைத்துவிட்டது என்பதே போதுமானதாக இருந்தது. 1948 ஜூலையில் எடுத்துவிட்டார்கள்.

சென்னை மாகாணத்தில் அரிசிக் கட்டுப்பாட்டை 1952 ஜூனில் முதலமைச்சர் ராஜாஜி நீக்கினார். பிரிட்டனில் கடைசியாக இறைச்சிக்கு இருந்த அட்டை போனது 1954 ஜூலையில். அதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1950-ல், எலிசபெத் டேவிட் என்ற பெண்மணி மத்தியதரைக்கடல் சமையல் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். ஆலிவ் எண்ணெய், எலுமிச்சை, பூண்டு, கத்தரிக்காய். அதில் சொன்ன பொருள்களில் பாதி லண்டன் கடைகளில் கிடையாது. ஆனாலும் வாங்கிப் படித்தார்கள், அடுப்பில் வழக்கமான உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருக்கும்போதே.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள், முட்டைப் பொடி பற்றியும் கேட்கலாம்.